இரண்டு வாசல் தியேட்டர்

அந்த ஒரு வரியை மட்டும் எழுத மாட்டேன் என்று பட்டாசு சொல்லிவிட்டாள்.

ஏழு வருடம் பூட்டிக் கிடந்த டிரைவ்-இன் தியேட்டர் அன்று சாயங்காலம் மறுபடி திறக்கிறது. வாசல் சுவரில் அதன் வரலாற்றைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். வாசகம் தரும் பொறுப்பு அவளுடையது. வரலாற்றில் பட்டம் வாங்கியவள். அவள் வீட்டில் அதுவரை பட்டம் என்றால் மொட்டை மாடியில் விடுவதுதான். வாயைத் திறந்தால் வெடிக்கிறாள் என்று தெருவே சேர்ந்து வைத்த பெயர் பட்டாசு.

முதலாளி கொடுத்த வரி இது: ‘பின்பக்கம் அத்துமீறி நுழைந்து படம் பார்த்தவர்களைத் தடுக்கச் சுவர் எழுப்பப்பட்டது.’

அத்துமீறியவர்களில் ஒருத்தி அவளைப் பெற்றவள்.

முதலாளியின் தாத்தா கட்டிய தியேட்டர் அது. காற்றில் கிழியாமல் இருக்க மெல்லிய துணியில்தான் திரை போட்டார். இன்றைக்கும் அதே வகைத் துணிதான். அந்தத் துணி வழியே படம் பின்பக்கமும் தெரியும். முன்னால் கார்கள் வரிசையாக நிற்கும். பின்னால் சைக்கிள், கைவண்டி, ஒரு தண்ணீர் லாரியின் தலையில் குடும்பம் குடும்பமாக ஜனம். ஒரே ஒரு வித்தியாசம், அங்கே எல்லாம் இடம் வலமாகத் தெரியும். கதாநாயகன் இடது கையால் அறைவான், இடது கையால் தாலாட்டுவான். சினிமாக்காரர்கள் அத்தனை பேரும் இடதுகைக்காரர்கள் என்றே பின்பக்கத்து ஜனம் நம்பியது. பட்டாசின் அம்மா கல்யாணமான புதிதில் வேறு தியேட்டரில் அதே நடிகரைப் பார்த்துவிட்டு, “இவன் போலி ஆளு” என்று பாதிப் படத்தில் எழுந்து வந்தவள்.

“தாத்தாவேதான் பின்னால கேட் வச்சு உள்ள விட்டாரு சார்,” என்றாள் பட்டாசு.

“ஒரு காகிதம் காட்டும்மா. அப்புறம் பேசு.”

“எங்கம்மா இருக்காங்களே, உயிரோட.”

“உங்கம்மா காகிதமா?” முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “மணி மூணு. முடியாதுன்னா சொல்லு, நானே எழுதிக் குடுத்துடுறேன்.”

வெளியே ஏணியில் தொங்கிக்கொண்டிருந்த பெயிண்டர் கத்தினார். “எழுதவா, எறங்கவா? கால் மரத்துப் போச்சு!”

பட்டாசு கிடங்கறைக்குப் போனாள். அம்மா அங்கே தையல் மெஷினோடு உட்கார்ந்திருந்தாள். பழைய சினிமா பேனர்களை வாசலில் மாட்ட முதலாளிக்கு ஆசை. கிழிசலை ஒட்டுப்போடத் தையல்காரியான அவளைக் கூப்பிட்டிருந்தார்.

“நம்மளத் திருட்டுப்பசங்கன்னு எழுதச் சொல்றாரும்மா!”

“கத்தாதடி, ஊசி கையில ஏறிடும்.” அம்மா நூலைப் பல்லால் கடித்தாள். “இங்க பாரு கூத்த. ஆம்பளச் சட்டைக்கு எவனாவது இந்தப் பக்கம் பித்தான் வைப்பானா? வரைஞ்சவனுக்குக் கண்ணு இருந்துதா, பொடனியில இருந்துதா?”

பட்டாசு பார்த்தாள். பித்தான் மட்டுமில்லை. சட்டைப் பை வலப்பக்கம். கடிகாரம் வலது மணிக்கட்டில். துப்பாக்கி இடது கையில்.

“இதே படத்துக்கு இன்னொண்ணு இருக்கு பாரு. அதுல எல்லாம் சரியா இருக்கு,” என்றாள் அம்மா. “எல்லாப் படத்துக்கும் ரெண்டு ரெண்டு. கிழிஞ்சா மாத்துறதுக்காம், முதலாளி சொன்னாரு.”

பட்டாசு செருப்பை உதறிவிட்டு மடிப்புகளை ஒவ்வொன்றாக இழுத்து விரித்தாள். தூசியில் தும்மல் மேல் தும்மல். ஒன்பது படம், பதினெட்டு பேனர். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவன் வலதுகைக்காரன், அவனே இன்னொன்றில் இடதுகைக்காரன். படத்தின் பெயரை மட்டும் இரண்டிலும் நேராக எழுதியிருந்தார்கள்.

அம்மா மெஷினை விட்டு எழுந்தே விட்டாள். “அடியே! இது பின்வாசல்ல தொங்கினதுடி! மொதல்ல ஒரு தடவ நேரா வரைஞ்சு மாட்டிட்டாங்க. இது எங்க ஆளே இல்லன்னு சைக்கிளையெல்லாம் திருப்பிக்கிட்டுப் போயிட்டோம். அடுத்த வாரம் வந்து பாத்தா இடது கைக்கு மாத்தியாச்சு!”

“இத ஏம்மா இத்தன நாளா சொல்லல?”

“நீ கேட்டியா? எப்பப் பாரு நீதான பேசுற.”

பட்டாசு ஓடிப்போய் முதலாளியைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் ஒரு பேனரைப் பார்த்தார், அதன் ஜோடியைப் பார்த்தார்.

“அந்தக் காலத்துப் பெயிண்டர் தண்ணியடிச்சிட்டு வரைஞ்சிருப்பான்.”

“ஒம்பது படத்துக்கும் அளந்து அளந்தா சார் அடிச்சாரு? திருட்டுத்தனமா வர்றவனுக்கு எந்த ஊர்லயாவது தனியா பேனர் எழுதி வச்சு வான்னு கூப்பிடுவாங்களா? எங்க கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படியே வரையச் சொல்லியிருக்காரு உங்க தாத்தா. காகிதம் கேட்டீங்கல்ல? இந்தாங்க, இருபதடி காகிதம்!”

முதலாளி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பேனர்களுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வலது மணிக்கட்டில் வரைந்திருந்த கடிகாரத்தை விரலால் தொட்டார். பிறகு தன் இடது கைக் கடிகாரத்தைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

“சுவர் எங்கப்பா வச்சது. அப்ப எனக்கு அஞ்சு வயசு. கார விட்டு எறங்கவே விட மாட்டாரு. பின்னால என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாதும்மா.” வேட்டித் தூசியைத் தட்டிவிட்டு எழுந்தார். “சரி. அந்த வரிய எடுத்துடு.”

“எடுத்தா மட்டும் போதாது சார்.”

“பின்ன?”

“அந்த எடத்துல உண்மைய எழுதணும்.”

“எழுதேன், யாரு வேணாம்னா?”

பட்டாசு வெறுங்காலோடு வாசலுக்கு ஓடினாள். எழுதி வைத்திருந்த தாளைத் தேடக்கூட நிற்கவில்லை. “பெயிண்டரண்ணே, எழுதுங்க! இந்தத் தியேட்டருக்கு இரண்டு வாசல். முன்வாசலில் காரில் வந்தவர்கள்…”

“இரு இரு.” பெயிண்டர் தூரிகையை நிறுத்தினார். “ரெண்டு வாசலா? சுத்திச் சுத்தி வந்துட்டேன், ஒண்ணுதானேம்மா இருக்கு?”

“நீ எழுதுப்பா,” என்றார் முதலாளி. போனும் கையுமாக, மூச்சு வாங்கப் பின்னாலேயே வந்திருந்தார். “கொத்தனாருக்குப் போன் போட்டாச்சு. கடப்பாரையோட வர்றான்.”