ரேடியோக்காரர் வீட்டு முனி

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் முதன்முதலில் ரேடியோ வாங்கியவர் ரயில்வே ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த வல்லிபுரம். யாழ்ப்பாணத்துக்காரர். பெட்டி வந்த அன்றே பயமும் கூட வந்தது. கோலாலம்பூர் இடியைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? காலையெல்லாம் வெயில் கொளுத்தும், சாயங்காலம் வானம் வெடிக்கும். கூரைமேல் நட்ட ஏரியல் கம்பத்தில் இடி விழுந்தால் பெட்டி கருகிவிடும் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். அதனால் கொல்லையில் ரம்புத்தான் மரத்தடியில் ஓர் இரும்புக்கோலை அடித்து இறக்கி, கம்பத்திலிருந்து வந்த செப்புக்கம்பியை அதில் முறுக்கிக் கட்டினார். மழை இருட்டியதும் ஜன்னலோரத்துச் சுவிட்சைத் தள்ளிவிட்டால் போதும். இடி பெட்டியைத் தொடாமல் கோல் வழியாக மண்ணுக்குள் போய்விடும்.

மண் காய்ந்திருந்தால் கோலால் பயனில்லை. ஆகவே அவர் மனைவி குணபூசணி தினமும் காலையில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு அதற்கு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினாள்.

கொல்லைக்கு அப்பால் தண்டவாள வேலைக்காரர்கள் குடியிருந்த வரிசை வீடுகள், லயம். மரத்தடியில் ஓர் இரும்புக்கோல், அதற்குச் சுமங்கலி ஒருத்தி நாள் தவறாமல் நீர் வார்க்கிறாள். லயத்துப் பெண்கள் வேறென்ன நினைப்பார்கள்? கோலுக்கு மஞ்சள் ஏறியது. எலுமிச்சம்பழம் ஏறியது. சிவப்புத் துணியும் கட்டியாயிற்று. முனி வந்துவிட்டார்.

வல்லிபுரம் இதை ஆபீசில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சனங்களே தண்ணீர் ஊற்றுகிறார்கள், தனக்கு வேலை மிச்சம் என்றார். குணபூசணிக்கும் பெண்கள் தன்னைக் கண்டதும் கைகூப்புவது பிடித்திருந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். இரண்டு பேரும் சொல்லவில்லை.

லயத்தில் நல்லம்மாள் இரண்டு பிள்ளைகளைப் பிரசவத்திலேயே பறிகொடுத்தவள். மூன்றாவது வயிற்றில் இருந்தது. இதையாவது காப்பாற்று என்று முனியைத்தான் நம்பியிருந்தாள். ஒருநாள் சாயங்காலம் பேய் மழை. பங்சார் பக்கம் விழுந்த இடியில் லயமே குலுங்கியது. வயிற்றுப் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று நடுங்கியவள், முனியின் காலடியில் இடி அண்டாது என்று ஓடிப்போய்க் கோலைக் கட்டிக்கொண்டாள்.

வல்லிபுரம் அப்போதுதான் சுவிட்சைத் தள்ளியிருந்தார். ஜன்னல் வழியாக அவளைப் பார்த்ததும், வேட்டியோடு மழையில் பாய்ந்தார். விடு பிள்ளை, கோலை விடு என்று கத்தினார். முனியை விட்டால் பிள்ளை போய்விடும் என்று அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். வேறு வழி தெரியாமல் தலைமுடியைப் பற்றி இழுத்துச் சேற்றில் தள்ளினார்.

வேலை முடிந்து சம்மட்டியோடு வந்த அவள் புருஷன் தம்புசாமி கண்டது இந்தக் காட்சியைத்தான்.

"எம் பொண்டாட்டி மேலயா கை வைக்கிற?"

முதல் அடியில் வல்லிபுரத்தின் தோள் எலும்பு முறிந்தது. கீழே விழுந்தவரின் வாயில் உதைத்தான். பல் உடைந்து ரத்தம் கொட்டியது. "கோலைத் தொடாதை, இடி..." என்று அவர் குழறினார். ரத்தத்தில் சொல் எடுபடவில்லை. சாமியிடம் போன பிள்ளைத்தாய்ச்சியை மறித்தவன் என்ற வெறி தம்புசாமிக்கு. சேற்றில் கால் வழுக்க, ஒரு கையால் கோலைப் பிடித்துக்கொண்டு மறு கையில் சம்மட்டியை ஓங்கினான்.

இடி கம்பத்தில் இறங்கியது.

ரம்புத்தான் மரம் பிளந்தது. தம்புசாமி சுருண்டு விழுந்தான். கோலைப் பிடித்த கை முழங்கைவரை கரிந்திருந்தது. நல்லம்மாள் தவழ்ந்து போய் அவன் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். உயிர் இல்லை.

வீட்டுக்குள் பெட்டிக்கு ஒரு கீறலும் இல்லை.

காரியம் முடிந்த பிறகு நல்லம்மாள் அந்தச் சம்மட்டியோடு கிராணி வீட்டு வாசலில் வந்து நின்றாள். அது என்ன கோல் என்று குணபூசணியிடம் கேட்டாள். ரேடியோவில் இடி விழாமலிருக்க வைத்தது என்று குணபூசணி சொன்னாள்.

"நான் மஞ்ச பூசினப்ப பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

குணபூசணி வாசலை விட்டு விலகி நின்றாள்.

நல்லம்மாள் உள்ளே போனாள். முதல் அடியில் பெட்டி சரிந்தது. இரண்டாவது அடியில் கண்ணாடிக் குழாய்கள் நொறுங்கின. தள்ளிய வயிற்றோடு மூச்சிரைக்க அடித்துக்கொண்டே இருந்தாள். தோளில் கட்டோடு படுத்திருந்த வல்லிபுரம் எழப் பார்த்தார். குணபூசணி அவர் நெஞ்சில் கை வைத்துப் படுக்கையில் அழுத்தினாள்.

"உடைக்கட்டும்" என்றாள்.