பூச்சில் விழுந்த திருநீறு

பருத்தித்துறைக் கரையில் ஆழ்வாப்பிள்ளை கொதித்துக்கொண்டு நின்றார். உமிச் சாம்பலை ஏழு தரம் துணியில் அரித்து, புகைபோல நுண்ணிதாக்கி ரெசின் பசையில் கலந்து மீன்பிடி வள்ளங்களுக்குப் பூசுபவர் அவர். அவர் பூசிய பூச்சு உளி வைத்தாலும் அசையாது. பத்மாசினியின் பைபர் வள்ளத்திலோ இரண்டே கிழமையில் செதில் செதிலாகக் கழன்றது.

ஒரு செதிலை நொறுக்கிப் பார்த்தார். நறநறத்தது.

"என்னத்தைக் கலந்தனீ?" என்று பக்கத்தில் நின்ற பத்மாசினியைக் கேட்டார்.

"நீங்கள் சாப்பிடப் போகேக்கை ஒரு பிடி கோயில் திருநீறு போட்டனான், அண்ணை. மூத்தவன் கடலாலை திரும்பேல்லை. இனி இளையவன் போகப்போறான்."

"உனக்கென்ன விசரோ? அரிக்காத பருந்தூள் விழுந்தால் பூச்சுப் பிடிக்குமே? இளையவனையும் கடலுக்குக் குடுக்கப் பாத்தியே!"

அவள் விம்மினாள். அவர் சுரண்டியை எடுத்து ஆவேசமாகச் சுரண்டினார்.

"நான் திரும்பப் பூசிக் காய்ஞ்ச பிறகு திருநீறை வெளியிலை பூசு! ஆர் வேண்டாமெண்டது? என்ரை பங்குக்கும் ஒரு பிடி பூசு!"