ஆர்விட் லிண்டின் இடது கை

பக்கவாதம் வந்து மறுவாழ்வு மருத்துவமனையில் சேர்ந்தபோது ஆர்விட் லிண்டின் இடது கை ஒரு பெண்ணின் கையாக இருந்தது. இப்படி வருகிறவர்களில் சிலர் தங்கள் கையைப் பார்த்து இது என்னுடையதில்லை என்று சொல்வதுண்டு. மூளை செய்கிற கோளாறு என்று விளக்கிவிட்டு டாக்டர்கள் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். ஆர்விட்டும் அதையே சொன்னார், ஆனால் அவர் விஷயத்தில் அது உண்மை. மணிக்கட்டு வரைக்கும், துறைமுகத்தில் இரும்புத்தாது ஏற்றும் கிரேனை ஓட்டியே கிழவரான மனிதரின் முரட்டுக் கை. அதற்குக் கீழே மெலிந்த விரல்கள், அடுப்பில் சுட்டுக்கொண்ட பழைய தழும்பு, மோதிரம் கழற்றிய இடத்தில் வெளுத்த வளையம். டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்றார். மினசோட்டாவின் அந்த ஏரிக்கரை ஊரில் அப்போது குளிர் தொடங்கியிருந்தது, துறைமுகத்தின் ஓரங்களில் பனி கட்டிக்கொண்டிருந்தது.

அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை வெர்னா கோஸ்கிக்கு வந்தது. அவள் எல்.பி.என். எனப்படும் கீழ்நிலை நர்ஸ். மாத்திரை கொடுப்பது, சர்க்கரை பார்ப்பது, கட்டு மாற்றுவது, தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. முடிவெடுப்பது அவளுக்கு மேலே இருக்கிற நர்ஸ்கள் பொறுப்பு. ஐம்பது தாண்டிய விதவை. ஒரே மகள் அரிசோனாவில் இருந்தாள், கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வாள். பகல் முழுக்க வெர்னா மனிதர்களைத் தொட்டுக்கொண்டே இருந்தாள். அவளைக் கடைசியாகத் தொட்டது பல் டாக்டர்.

முதல் நாள் காலை அவள் ஆர்விட்டுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது, டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அசையாத அந்தக் கை எழுந்து, அவள் நெற்றியில் விழுந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டது. பிறகு கன்னத்தில் சற்று நேரம் இருந்தது.

"என்ன பண்ணுது அது?" என்று கேட்டார் ஆர்விட்.

"முடியை ஒதுக்கி விடுது."

"நான் ஒண்ணும் பண்ணச் சொல்லலை. தப்பா நினைச்சுக்காதே."

"தெரியும். அசையாம இருங்க, இன்னும் ரெண்டு பொத்தான் இருக்கு."

அதற்கப்புறம் அது தினமும் அவள் வரவை எதிர்பார்த்தது. அவள் சட்டைக் காலரை நேராக்கும், ஆரஞ்சை உரித்து நாரை எடுத்துவிட்டு ஒவ்வொரு சுளையாக அவளிடம் நீட்டும், குளிரில் விறைத்துப்போய் வந்தாளென்றால் விரல்களைத் தேய்த்துச் சூடாக்கும். ஆர்விட்டுக்கு எதுவும் செய்யாது. "எனக்கு மூக்கு அரிச்சாக்கூட சும்மா படுத்துக் கிடக்கும், உன்னைக் கண்டா மட்டும் உயிர் வந்துடும்" என்பார் அவர்.

செய்தி ஊருக்குள் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியை இழந்தவர்களும் தாயை இழந்தவர்களும் மூடிபோட்ட பாத்திரங்களில் உணவோடு வந்து, கையைப் பார்த்து, இல்லை என்று தலையசைத்துவிட்டுப் போனார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஹார்லனும் அப்படித்தான் வந்தார். இது தன் மனைவி இனெஸின் கை இல்லையென்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

"ஆனா கொஞ்ச நேரம் பிடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"என்னை எதுக்குக் கேட்கறே, என்னோடதா அது?" என்றார் ஆர்விட். ஹார்லன் அடுத்த ஞாயிறும் வந்தார்.

ஆர்விட்டின் சொந்தக் கையைத் திரும்பக் கொண்டுவர முடியும் என்று பயிற்சியாளர் கெய்லா சொல்லியிருந்தாள். அவள் இல்லாத நேரங்களில் நர்ஸ் அதை வெந்நீரில் வைத்து, விரல்களைப் பிரித்து மடக்கி, பயிற்சி மாவை உருட்ட வைக்க வேண்டும். வெர்னா சொன்னபடியே செய்தாள். ஒருநாள் மாவை எடுத்து வைக்கும்போது கட்டைவிரலைக் கவனித்தாள். அது தடித்து, நகம் மஞ்சளாகி, ஆண்பிள்ளையின் விரலாகியிருந்தது. அன்றிலிருந்து பயிற்சி சுருங்கியது. முதலில் மாவு நின்றது, பிறகு வெந்நீர் நின்றது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தாள். கட்டைவிரல் மறுபடி மெலியத் தொடங்கியது. இவருக்கு முன்னேற்றம் நின்றுவிட்டது, முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதுதான் வழி என்று டாக்டரும் கெய்லாவும் பேசிக்கொண்டார்கள்.

"வெர்னா, சனிக்கிழமை மாவு உருட்டினோமா?" என்று கேட்டார் ஆர்விட்.

"உருட்டினோமே."

"எனக்கு வந்தது பக்கவாதம். மறதி இல்ல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கை அவள் ஸ்வெட்டர் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அது போறது உனக்குப் பிடிக்கலை," என்றார். "எனக்கும் ஒண்ணு சொல்லணும். தூக்கம் வராதப்பல்லாம் என் வலது கையை அது பக்கத்துல கொண்டுபோய் வெச்சுப் பார்ப்பேன். ஒரு தடவைகூடப் பிடிச்சதில்ல. அம்பது வருஷமா யாரையும் கிட்ட சேர்க்காத ஆள் நான், அதுக்கும் தெரிஞ்சிருக்கு போல. பரவாயில்ல. ஆனா என் நாய் பக்கத்து வீட்ல சோறு தின்ன மாட்டேங்குதாம். என் வாசல்லயே போய்ப் படுத்துக்குதாம். இந்தப் பனியில, வெர்னா."

வெர்னா ஸ்வெட்டர் நுனியிலிருந்து அந்த விரல்களை மெல்ல விடுவித்தாள். பிறகு எழுந்துபோய்க் கெய்லாவிடம், பத்து நாளாகப் பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை, தப்பு தன்னுடையது என்று சொன்னாள். கெய்லா அவளை வெறித்துப் பார்த்தாள்; ஏன் என்று கேட்கவில்லை, மேலே சொல்லாமல் இருக்க முடியாது என்றாள். மேல் நர்ஸ் கூப்பிட்டுக் கண்டித்தாள். அதைக் கேட்டுக்கொண்டு, வெந்நீர்ப் பாத்திரத்தோடு வெர்னா திரும்பி வந்தாள்.

கை மறுப்புக் காட்டவில்லை. விரி என்றால் விரிந்தது, மடக்கு என்றால் மடங்கியது. கட்டைவிரல் போனது, ஆள்காட்டி விரல் போனது, தழும்பு மங்கியது, மோதிரத்தின் வெளுப்பில் நிறம் ஏறியது. கடைசியில் சுண்டுவிரல் மட்டும் மிச்சமிருந்தது. அன்று வேலை முடிந்து அவள் கோட்டை மாட்டும்போது, அது அவளுடைய சுண்டுவிரலைக் கொக்கிபோட்டுப் பிடித்துக்கொண்டது. கோட்டின் ஒரு கை தொங்க, விரல் தானாக விடும்வரை அவள் நின்றாள். மறுநாள் காலை அதுவும் ஆர்விட்டின் விரலாக இருந்தது, கிரேனில் நசுங்கிக் கறுத்த நகத்தோடு.

வீட்டுக்குப் போகிற அன்று ஆர்விட் இரண்டு கைகளாலும் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டார். இடது கையை நீட்டினார். வெர்னா பிடித்துப் பார்த்தாள். சொரசொரப்பான, கனமான கை. அதற்கு அவளைத் தெரியவில்லை.

"இது நான்தான்," என்றார்.

"தெரியுது."

அவர் கை அவள் தலைமுடி வரைக்கும் எழுந்து, கூச்சப்பட்டு, தோளுக்கு இறங்கி நாயைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டுத் தட்டியது. பக்கத்து வீட்டுக்காரரின் வண்டி கண்ணில் மறைந்தபின் வெர்னா உள்ளே வந்து கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஹார்லன் வந்தபோது விஷயத்தைச் சொன்னாள். அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் வெர்னா காட்டரிசி சூப்பைச் சுடவைத்து, டிவியை அணைத்துவிட்டு, நின்றபடியே குடித்தாள். பல நாள் அப்படித்தான் குடித்தாள்.

ஏரிப் பனி உடைந்து முதல் கப்பல் வந்த வாரத்தில், மார்லிஸ் என்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநரைக் கொண்டுவந்தார்கள். போர்வையை விலக்கி, "இந்த வலது கால் என்னோடது இல்லம்மா, சொன்னா சிரிக்கிறாங்க" என்றாள் அவள். வெர்னா பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே ஒரு மாலுமியின் மயிரடர்ந்த கால், ஆடுசதையில் நங்கூரம் பச்சை குத்தியிருந்தது. தனக்கு மட்டும் கேட்கிற ஏதோ பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. வெர்னாவை அது கண்டுகொள்ளவே இல்லை.

"உங்களோடது இல்லதான்," என்றாள் வெர்னா. அளவு நாடாவை எடுத்துப் பாதத்தை அளந்து, வலது பக்கத்துக்கு மட்டும் பெரிய ஷூ ஒன்று வேண்டுமென்று கீழே சொல்லியனுப்பினாள். பிறகு மாலுமியின் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, முதல் நாளின் பயிற்சியைத் தொடங்கினாள்.