வாசலில் விட்ட செருப்பு

தொம்மலூர் மேம்பாலத்தை ஒட்டிய அந்த மென்பொருள் கம்பெனியில், வேலையை விட முடிவெடுத்தவர்களின் கால் தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்துவிடும். எச்.ஆர். மேலாளர் ஆராவமுதனுக்கு இதில் ஒரு சௌகரியம். அடுத்து யார் போகப் போகிறார்கள் என்று குனிந்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பார்ப்பதைத் தவிர தனக்கு ஒன்றும் கைவரவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பீட்சா வாங்கிக் கொடுத்தார், மிதந்துகொண்டே தின்றார்கள். யோகா வகுப்பு வைத்தார். இன்னும் கொஞ்சம் உயர்ந்தார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் யாருக்காவது வழியனுப்பு கேக் வெட்டியதில் அவருக்குத் தொப்பை விழுந்ததுதான் மிச்சம்.

அந்த வருஷம் தலைமை அலுவலகம், வீடில்லாத ஒருவருக்கு வேலை கொடுத்து ஆண்டறிக்கைக்குப் போட்டோ அனுப்பச் சொன்னது. ஆராவமுதன் அதிக தூரம் அலையவில்லை. மேம்பாலத்துக்கடியில் படுத்திருந்த பச்சைமுத்துவைக் கூட்டிவந்து துப்புரவு வேலையில் வைத்தார். போட்டோ அச்சாகும் வரைக்கும்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. பச்சைமுத்து முதல் நாளே கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

“ஐயோ, இது ஆபீஸ்ப்பா! செருப்போடவே வரலாம்.”

“தெரியும் சார். வாசல்ல செருப்ப வுட்டுட்டு உள்ள வரணும்னு ரொம்ப வருஷமா ஆச. வாசல்தான் கெடைக்கல.”

ஆராவமுதனுக்கு மனசு இளகியது. சீக்கிரமே சரியாகிவிட்டது, மேலாளர் அல்லவா!

மறுநாள், ஒரு வாரமாக மிதந்துகொண்டிருந்த சுப்ரியா விளையாட்டாக அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் தன் ஷூவை விட்டாள். உள்ளே வைத்த கால் தரையில் பதிந்தது. பார்த்தவர்களும் கழற்றினார்கள். தீபாவளிக்குள் லிஃப்ட் வாசல்வரை செருப்பாகக் கிடந்தது, ராஜினாமா நின்றுபோனது. கேக் கடைக்காரர் போன் போட்டு, வேறு கடைக்கு மாறிவிட்டீர்களா என்று வருத்தப்பட்டார். எல்லாம் தன் திட்டம் என்று ஆராவமுதன் மேடையேறிப் பேசி விருதும் வாங்கினார்.

பிறகு போட்டோ அச்சாகி வந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவர் பச்சைமுத்துவிடம் சொன்னார். அன்று தன் மூளை எங்கே மேயப் போயிருந்ததோ என்று இன்றும் தலையில் அடித்துக்கொள்வார். பச்சைமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டினார். நாற்காலி, கணினி, சுப்ரியா என்று மாடியில் இருந்த அத்தனையும் மேலே எழும்பியது. ஆராவமுதனின் வழுக்கை மண்டை கூரையில் ணங்கென்று இடித்தது.

“பச்சைமுத்து! போகாதேப்பா!” என்று அங்கிருந்தே கத்தினார்.

“அப்ப நாளைக்கி வரலாமா சார்?”

“நாளைக்கும் வா, ரிடயர் ஆகுற வரைக்கும் வா! பர்மனென்ட்!”

பச்சைமுத்து செருப்பைக் கழற்றினார். எல்லோரும் இறங்கினார்கள். ஆராவமுதன் மட்டும் ஒரு சாண் உயரத்திலேயே நின்றுவிட்டார். ஹெப்பகோடியில் வேறொரு வேலைக்கு அவர் ரகசியமாகப் பேசிவைத்திருந்தது அப்படித்தான் ஊருக்கே தெரிந்தது. அதை வேண்டாமென்று சொல்லியும் பார்த்தார். கால் அவரை நம்பவில்லை.

இன்றும் அப்படித்தான். பச்சைமுத்துவுக்கு அதில் ஒரு குறையுமில்லை. தரை துடைக்கும்போது மற்றவர்களிடம் கொஞ்சம் காலைத் தூக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆராவமுதனிடம் சொல்ல வேண்டியதில்லை.