டவுசர் பையில் எடைக்கல்

அன்று பள்ளி மருத்துவ அறையில் இருந்தவர்கள்: மளிகைக்கடை நடத்திய எங்கள் அப்பா, அம்மா போன பிறகு எங்களை வளர்த்த அத்தை, மாதம் ஒருமுறை பிள்ளைகளை நிறுத்துப் பார்க்க வரும் நர்ஸம்மா, ஏழு வயதுத் தம்பி, மூத்தவனான நான். வேறு யாரும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்ததாகச் சிலர் சொல்கிறார்கள். அந்த ஜன்னல் கண்ணாடிக்கு வெள்ளை பெயிண்ட் அடித்திருந்தது.

தம்பிக்கு எடை ஏறவில்லை. இந்த மாதமும் ஏறாவிட்டால் மலைமேல் இருக்கும் குழந்தைகள் நல விடுதிக்கு அவனை அனுப்பியாக வேண்டும் என்று சொல்லி, நர்ஸம்மா பெரியவர்களை வரவழைத்திருந்தார். அப்பாவுக்கு அது மானப் பிரச்சினை. ஊருக்கே நிறுத்துப் போடுகிறவர் வீட்டுப் பிள்ளை எடை குறைவு என்றால் வெளியே தலைகாட்ட முடியுமா? அத்தைக்கு மானமெல்லாம் இரண்டாம் பட்சம். அவனைப் பிரிந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

தம்பி இரண்டு கைகளாலும் டவுசரைப் பிடித்துக்கொண்டு தராசில் ஏறினான். நர்ஸம்மா முள்ளைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“என்னடா தங்கம், போன மாசம் காத்தடிச்சா பறந்துடுவே போல இருந்தே. அதுக்குள்ள யானைக்குட்டி ஆயிட்டியே!”

“நல்லா சாப்பிடுறான் நர்ஸம்மா,” என்றாள் அத்தை, யாரும் கேட்காமலே.

“சந்தோஷம். நெஞ்சளவும் எடுத்துடலாம். எங்க, ரெண்டு கையையும் தூக்கு.”

தம்பி அத்தையைப் பார்த்தான். அத்தை கூரையைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் அவன் கையைத் தூக்கினான். டவுசர் ‘ணங்’ என்று தரைக்குப் போனது.

அந்தச் சத்தத்திலேயே அப்பா எழுந்துவிட்டார். எங்கள் கடையின் ஒரு கிலோ எடைக்கற்கள், பைக்கு ஒன்றாக.

“அண்ணே, நான்தான் போட்டு அனுப்பினேன். அவனைத் திட்டாதீங்க. மலையில குளிரும்ணே. தூக்கத்துல போர்வையை உதைச்சுத் தள்ளுற பிள்ளை.”

அப்பா கற்களை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்தார். தம்பியை இறக்கிவிட்டு அவற்றைத் தராசில் வைத்தார். முள் சரியாக இரண்டில் நின்றது.

“உங்க தராசு சரியா இருக்கு,” என்றார் நர்ஸம்மாவிடம். “இப்ப பிள்ளையை நிறுங்க.”

நர்ஸம்மா நிறுத்தார், வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்பாவே குனிந்து பார்த்து, கடையில் சொல்வதுபோல் உரக்கச் சொன்னார்.

“கூட்டிட்டுப் போங்க. நிறைஞ்ச எடையா திருப்பிக் கொடுங்க.”

அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

“அழாதீங்கம்மா,” என்றார் நர்ஸம்மா. “அங்க ராத்திரி டியூட்டி என் தங்கச்சிதான். போர்வையை நாலு பக்கமும் சொருகச் சொல்றேன்.”

கோடை முடிந்து தம்பி கன்னமும் தொப்பையுமாகத் திரும்பினான். அப்பா அவனை நேராகக் கடைக்குக் கொண்டுபோய், வாடிக்கைக்காரர்கள் முன்னிலையில் மூட்டைத் தராசில் உட்காரவைத்தார். அத்தை திருஷ்டி பட்டுவிடும் என்று கத்தினாள். அப்பா முள் நிற்கும்வரை நகரவில்லை.

எங்கள் கடையின் கள்ள எடைக்கற்கள் பள்ளிக்கூடத்தில் பிடிபட்டன என்று இன்னும் ஒரு பேச்சு உலவுகிறது. தவறு. கற்கள் சரியான எடை. குறைந்தது தம்பி.