சத்தமில்லாத வண்டி

...அந்த இருக்கையைக் கழற்றிவிட்டாளா, எப்போது கழற்றினாள், வெண்டெலின் தன் கார் ஜன்னல் வழியாக மறுபடி பார்த்தான், பக்கத்துத் தடத்தில் உறுமிக்கொண்டு நின்ற சிவப்பு நிறக் குட்டிப் பெட்ரோல் காருக்குள் மிலோட்டா மட்டும் இருந்தாள், அவளுக்குப் பக்கத்தில், இருபது வருடமாக அவன் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து வந்த இடம் காலியாக இருந்தது... எடையைக் குறைக்கத்தான், பந்தயத்துக்கு வருகிறவர்கள் செய்வதுதான், விவாகரத்தாகி இரண்டு வருடம் கழித்து ஒருத்தி தன் காரில் எதைக் கழற்றினால் இவனுக்கென்ன. பழைய ராணுவ ஓடுதளத்தில் காற்று லங்கோஷ் ரொட்டி பொரிக்கும் எண்ணெய் வாசனையை அள்ளிக்கொண்டு வந்தது. பந்தயம் நடத்தும் கார் கிளப்பின் பொஹுஷ், கொடியோடு குனிந்து, "என்ன வெண்டல், அமரர் ஊர்தியில வந்திருக்க? யாரை ஏத்திட்டுப் போகப் போற?" என்றான், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும், நீளமான பின்பக்கம் வைத்த மின்சாரக் கார்தான், இரண்டு டன் கனம்தான், ஆனால் கடைக்காரன் சொன்னானே, சிக்னலில் எந்தப் பெட்ரோல் காரையும் நிற்க வைத்துவிடும் என்று, அதைக் கேட்டதும்தானே கையெழுத்துப் போட்டான், இல்லை, பனிச்சறுக்குக் கட்டைகள் வைக்க இடம் வேண்டுமென்றுதான், கடைசியாகச் சறுக்கப் போனது எந்த வருடம்...

கொடி இறங்கியது. காலை அழுத்தினான், அவ்வளவுதான் அவன் செய்தது, முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது, அவளுடைய டயர்கள் கீச்சிட்டு வழுக்கியது எங்கோ பின்னால் கேட்டது, இரண்டாம் கியர், மூன்றாம் கியர், அவள் கை நகர்வதுகூட அவனுக்குத் தெரியும், கண்ணாடியில் சிவப்பு சின்னதாகிக்கொண்டே போனது. ஜெயித்துவிட்டான். முன்னால் வெறும் கான்கிரீட், ஓரத்தில் புல், யாருமில்லை, ஜெயிப்பது என்றால் இவ்வளவு சீக்கிரம் தனியாகிவிடுவதா... திரும்பி வந்தபோது கூட்டம் அவள் காரைச் சுற்றி நின்றது, தோற்ற காரைத்தான் எஞ்சின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள், இவன் காரில் திறந்து பார்க்க என்ன இருக்கிறது.

"நின்ன இடத்துலேர்ந்து கிளம்பினா அவன்தான் ராஜா," என்று கத்தினாள் மிலோட்டா. "ஓடிட்டே ஆரம்பிக்கலாம். நூறு கிலோமீட்டர் வேகத்துல சேர்ந்து வருவோம், அப்புறம் பாரு." பொஹுஷ் தலையாட்டினான். ஆகவே இருவரும் ஒரே வேகத்தில், ஒரே வரிசையில், கதவுக்குக் கதவு போனார்கள், அவள் எஞ்சின் முனகல் அவன் கண்ணாடியைத் தொட்டது, இவ்வளவு பக்கத்தில் அவள் இருந்து எத்தனை நாளாயிற்று, பொஹுஷ் கொடியை இன்னும் கொஞ்சம் தள்ளி இறக்கினால் என்ன, இந்த ஓடுதளம் அங்கே தெரியும் மலைவரைக்கும் நீண்டால்தான் என்ன... கொடி. அவன் கார் பாதி நீளம் முந்தியது, பிறகு தாவல் தளர்ந்துபோனது, கனம், கனம்தான், வேகம் ஏற ஏற இதற்கு மூச்சு வாங்கும் போல, பெட்ரோல் காரோ இப்போதுதான் விழித்துக்கொண்டு கத்தியது, சிவப்பு மூக்கு, சக்கரம், கதவு, பிறகு அவள். வாய் அசைந்துகொண்டிருந்தது. பேசிக்கொண்டிருந்தாள், காரோடா, தன்னோடா, சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டே அவனைத் தாண்டிப் போனாள், இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

ஓடுதளத்தின் கோடியில் இறங்கி வந்து அவன் கூரையைத் தட்டினாள். "மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. ஆளுக்கொண்ணு. உள்ள எப்படி இருக்கு?"

"சத்தமே இல்ல."

"அப்ப உனக்கேத்த வண்டிதான்," என்றாள், குத்தலாக இல்லை, வானிலையைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள், யாரோ கூப்பிட ஓடிப்போனாள்.

எனக்கேத்தது... சத்தத்தைக் குறை, தலை வலிக்கிறது என்று எஞ்சினைத்தானே சொன்னான், ஒவ்வொரு பயணத்திலும், அவள் கியரை மாற்றிக்கொண்டே ஏதாவது சொல்லிக்கொண்டு வருவாளே, அவளைச் சொல்லவில்லையே, சொன்னானா... ஆனால் கடைசி வருடங்களில் காரில் எஞ்சின் சத்தம் மட்டும்தான் இருந்தது, ஆமாம், அது மட்டும்தான், எந்தச் சாலையில், எந்த வளைவில் அவள் பேச்சை நிறுத்தினாள், யோசித்து யோசித்துப் பார்த்தான், நிறுத்தியது அப்போது காதில் விழவேயில்லை.