சூரியன் சீறிய புதன்கிழமை

மேளக்காரர்களை வேண்டாம் என்று சொன்னது சரவணமுத்துதான். பிற்பாடு அந்தப் பழியை யார் தலையில் போடலாம் என்று எவ்வளவோ தேடிப் பார்த்தான், ஒரு தலையும் அகப்படவில்லை.

நாற்பத்தாறாம் வருஷம், தை மாதம். சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பியவன் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்து நாலு மாதம்கூட ஆகவில்லை. பட்டாளத்தில் அவனுக்கு வயர்லெஸ் வேலை. அங்கே அவன் கற்றுக்கொண்டது ரேடியோவைப் பிரித்துப் பூட்டுவது, அப்புறம் அதைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவது. பிரித்துப் பூட்டுவதில் கெட்டிக்காரன். பேசுவதில் அதைவிடப் பெரிய கெட்டிக்காரன்.

ராசிபுரத்தில் ஐந்து தறி ஓட்டிக்கொண்டிருந்த மாமன் சென்னிமலைக்கு இந்தப் பிழைப்பு துளியும் பிடிக்கவில்லை. நூல் என்றால் கையில் பிடிக்கலாம், சேலை என்றால் உடுத்தலாம். ஆகாசத்திலிருந்து பாட்டைப் பிடிக்கிறேன் என்கிறவனுக்கு எதை நம்பிப் பெண்ணைக் கொடுப்பது? ஆனால் பெண் கேட்டு வந்தது கூடப்பிறந்த தங்கை, சரவணமுத்துவின் அம்மா ராஜம்மாள். வீட்டில் மகள் வசந்தாமணியோ, அத்தை மகனைத் தவிர வேறு மாப்பிள்ளைப் பேச்சை எடுத்தாலே தறிக்குழிக்குள் இறங்கிக்கொண்டு சாப்பாட்டுக்குக்கூட எழுந்து வருவதில்லை. மனுஷன் அரை மனசாகத் தலையாட்டி வைத்தார்.

அந்த அரை மனசை முழு மனசாக்கத்தான் நம் ஆள் வாயை விட்டான்.

"மேளமெல்லாம் எதுக்குங்க மாமா? தட்டு மாத்தற நேரத்துக்குக் கொழும்புலிருந்து நாதஸ்வரமே வாசிக்க வெக்கறேன். சமுத்திரம் தாண்டி வந்து உங்க ஊட்டு வாசல்ல கேக்கும் பாருங்க!"

சென்னிமலை அதை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். புதன்கிழமை காலையில் நிச்சயத்துக்கு ஒறம்பரையான சொந்தபந்தம் மட்டுமல்ல, தெருவே வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது. பட்டாளம் கழித்துவிட்ட சாமான்களில் வாங்கிய பெரிய ரேடியோப் பெட்டியைச் சரவணமுத்து பெஞ்சின்மேல் வைத்து, லாரி பேட்டரியோடு இணைத்திருந்தான். கூரைமுகட்டிலிருந்து எதிரே வேப்பமரம் வரைக்கும், முந்தின நாளே கட்டிவைத்த ஏரியல் கம்பி. ஒன்பதரைக்கே கொழும்பு கணீரென்று கேட்டது. பக்கத்து வீட்டு வீரபாகு, தறி நாடாவைவிட வேகமாக ஓடும் வாய் உள்ளவர், "அட, பொட்டிக்குள்ள ஆள் இருக்கறாப்பலயே இருக்குதுங்களே!" என்று மூன்று தடவை சொன்னார்.

பத்து மணிக்கு நாதஸ்வரம் ஆரம்பித்தது. ராஜம்மாள் வெற்றிலைத் தட்டை எடுத்து அண்ணன் பக்கம் நீட்டினாள். அண்ணனும் கையை நீட்டினார்.

அப்போதுதான் பெட்டி உஸ்ஸ்ஸ் என்றது.

முதலில் மெதுவாக, பிறகு பலமாக. நாதஸ்வரம் அந்தச் சத்தத்துக்குள் அமுங்கி அமுங்கி, கிணற்றுக்குள் இறங்கினாற்போல் போய்விட்டது. வாசல் முழுக்க அந்தச் சீறல் மட்டும். பிறகு அதுவும் தேய்ந்து, பெட்டி வெறும் பெட்டியாகிவிட்டது.

"பாம்பு!" என்றார் வீரபாகு. "நல்ல காரியத்துல பாம்பு சீறுதுங்கோ!"

சென்னிமலை கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். நல்ல நேரத்தில் கெட்ட சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்றுதானே மேளம் வைப்பது? இங்கே மேளம் வாசிக்க வேண்டியதே சீறுகிறது.

சரவணமுத்து ஏரியலை அண்ணாந்து பார்த்தான். கம்பி நெடுக, நீலச்சாயம் இன்னும் காயாமல், சுற்றிக் கட்டிய நூல் சிட்டம் பத்துப் பன்னிரண்டு வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நெசவுக்காரத் தெருவில் இழுத்துக் கட்டிய கம்பி ஒன்று சும்மா இருந்தால் அது நூல் காயப்போடத்தான் என்பது அவர்கள் ரத்தத்தில் ஊறிய சங்கதி. அவனும் அந்த ரத்தம்தான். ஆனால் அப்போது அதெல்லாம் யோசனைக்கு வரவில்லை.

"ஏரியல்ல ஈர நூலைப் போட்டது எவருங்க? கொஞ்சமாச்சும் புத்தி வேண்டாமா?" என்று கத்தினான்.

போட்டது மாமன்தான். விடியற்காலையில் தன் கையாலேயே போட்டிருந்தார். தெருவே அவர் முகத்தைப் பார்த்தது. வசந்தாமணி ஓடிவந்து, யாரும் சொல்லாமலே சிட்டம் அத்தனையையும் உருவி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். கம்பி வெறுங்கம்பியாயிற்று. பெட்டி மூச்சுவிடவில்லை. சரவணமுத்து திருகினான், தட்டினான், ஒருதரம் கையெடுத்துக் கும்பிடவும் செய்தான். ஊஹூம்.

"நூல் மேல பழி போட்டே. நூலை எடுத்தாச்சு," என்றார் சென்னிமலை. குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ராஜம்மா, தட்டு மாத்தறதில்லை. சமைச்சது கெடக்குது, எல்லாரும் இருந்து சாப்புட்டுட்டுப் போங்க."

ஒறம்பரை சாப்பிட்டது. நன்றாகவே சாப்பிட்டது. நிச்சயம் நின்றுபோன துக்கத்தில் வீரபாகு மூன்றாம் முறை பாயசம் வாங்கினார். சரவணமுத்து மட்டும் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். பர்மாவில் மழையும் கொசுவுமாகக் கூடாரத்தில் கிடந்த ராத்திரிகளில் அவன் நினைத்துக்கொண்டிருந்தது வசந்தாமணியைத்தான். குண்டுக்குத் தப்பி வந்தவன் தன் வாயாலேயே எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டேனே என்று அவனுக்கு அழுகை முட்டியது.

அந்த நேரம் பார்த்துப் பெட்டி முனகியது. பிறகு கொழும்பு கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வந்து, ஒன்றுமே நடக்காததுபோல் பாட ஆரம்பித்தது.

"சனியனே!" என்றான் சரவணமுத்து.

"அதை எதுக்குத் திட்டறீங்க?" மோர்ச் செம்போடு வசந்தாமணி நின்றுகொண்டிருந்தாள். தோளெல்லாம் நீலம். "மச்சான், நூலு வெடியாலிருந்தே கம்பி மேலதான் கெடந்துச்சு. அப்பவும் பாட்டு நல்லாக் கேட்டுச்சு. நூலை எடுத்தப்பறம் வரலை. இப்ப ஆரும் தொடாமயே வருது. அப்பக் கோளாறு நம்மூட்டுலயே இல்லீங்களே? வெளியிலிருந்துதான் ஏதோ வந்து போயிருக்குது."

அவன் மோரை வாங்க மறந்துவிட்டான். முதலில் சீறல், அதன் பின்னால் சிற்றலை நிலையங்கள் காணாமல் போவது, அரைமணி கழித்துத் தானே திரும்புவது. இதை எங்கோ படித்திருக்கிறோமே? பட்டாளத்தில் ஒரு வெள்ளைக்கார ஆபீசர் படித்துப் போட்ட வயர்லெஸ் பத்திரிகையில்! பகல் நேரத்தில் மட்டும், சூரியனில் கறுப்புப் புள்ளிகள் பெருகும் வருஷங்களில் மட்டும் இப்படி ஆவதாக யாரோ எழுதியிருந்தார்கள். அதே பத்திரிகையில் இன்னொன்றும் இருந்தது. சூரியப் புள்ளியைச் சொல்லிவிட்டு, அதையும் அவளிடம் ஆசையாகச் சொன்னான்.

"அமெரிக்காவுல ஒரு இன்ஜினியர், வசந்தா. கடல் தாண்டிப் பேசற டெலிபோன்ல ஏதோ இரைச்சல் வருது, எங்கிருந்து வருதுன்னு பாருன்னு சொல்லியிருக்காங்க. அவரு ஒரு பெரிய ஏரியலைச் சக்கரம் வெச்சுச் சுத்திச் சுத்தித் தேடினாரு. பாதி இரைச்சல் இடி மின்னல். மீதி ஒரு உஸ்ஸு. அது தெனமும் நாலு நிமிஷம் முன்னாடியே வந்துச்சாம்."

"நாலு நிமிஷமா? நச்சத்திரம் அப்படித்தானுங்களே வரும்! ஆறுமீன் தெனம் கொஞ்சம் முந்தித்தானே கெளம்புது?"

"அதேதான்! பால்வீதியிலிருந்து வருதுன்னு கண்டுபுடிச்சாரு. வெளிச்சம் வர்றாப்பல வானத்துலிருந்து ரேடியோவும் வருது. கண்ணால பாக்க முடியாததை இனி காதால கேட்டுக்கலாம்."

"அப்ப நம்ம நிச்சயத்தைக் கெடுத்தது நச்சத்திரமா, சூரியனா?"

தெரியவில்லை. ஆனால் தெரிந்துகொள்ள வழி இருந்தது. சரவணமுத்து முள்ளை அளவுப்பலகையின் கடைசி மூலைக்கு, பதிமூன்று மீட்டர் அலைவரிசைக்குத் தள்ளினான். நிலையம் எதுவும் இல்லாத அந்த மூலையில் சீறல் இன்னும் இருந்தது.

"மறுபடியும் பாம்புங்கோ!" வீரபாகு கைகூடக் கழுவாமல் ஓடிவந்தார். பின்னால் சென்னிமலை.

சரவணமுத்து எழுந்து நின்றான். "மாமா, மொதல்ல மன்னிச்சுக்கோங்க. நூல் மேல தப்பில்லைங்க, உங்க மேலயும் இல்லீங்க. தெருவே பாக்கக் கத்துனது எம்மேல தப்பு. இந்தச் சத்தம் எங்கிருந்து வருதுன்னு காட்டறதுக்குப் பாவு மூங்கில் ரெண்டு குடுங்க. காட்ட முடியலைன்னா இப்பவே பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடறேன்."

சென்னிமலை தங்கையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். போய் இருபதடி மூங்கில் இரண்டை அவரே தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

ஒரு மூங்கில் நெடுகத் தாமிரக் கம்பி. ஆறடி தள்ளிப் பின்னால் இன்னொரு மூங்கில், அதில் கொஞ்சம் நீளமான கம்பி. இரண்டையும் குறுக்குக் கழிகளால் ஏணிபோல் கட்டி, முன்கம்பியைப் பெட்டியோடு இணைத்தான். முன்பக்கம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசைச் சத்தம் கூடுதலாகக் கேட்கும், பின்பக்கம் குறையும். இதைத் தாழாமல் சாயாமல் தூக்கிப்பிடித்துத் திருப்ப யார் இருக்கிறார்கள்? தறிக்கான நெடுக்கு நூலைப் பாவாக விரிக்கும்போது ஒரு இழைகூடத் தொங்கவிடாமல் தெருவில் நடக்கிற ஆட்கள்தான். ஒரு முனையில் வீரபாகு, மறுமுனையில் சென்னிமலையே.

கட்டி முடித்தபோது மணி நாலரை. வெயில் மேற்கே திருச்செங்கோட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது. ஏரியல் தெற்கே நாமக்கல் திசையைப் பார்த்தபோது சீறல் ஈனமாக இருந்தது. மேற்கே திருப்பியதும் குபீரென்று ஏறியது. கிழக்கே திருப்ப, இறங்கிவிட்டது.

"இரு இரு," என்றார் சென்னிமலை. "இவன் எங்கியோ திருகி ஏமாத்தறான். டேய், நீ கையைக் கட்டிட்டுச் செவுத்தைப் பாத்து நில்லு. நாங்க திருப்பறோம், வெயில் பக்கம் எப்பத் திரும்புதுன்னு நீ சொல்லு."

சுவரைப் பார்த்து நின்றான். பின்னால் நாலு கால்கள் மண்ணை அரைக்கும் ஓசை, பெட்டியின் சீறல்.

"இல்லீங்க... இல்லீங்க... இப்பத்தானுங்க மாமா!"

ஐந்து தடவை திருப்பினார்கள். ஐந்து தடவையும் சரியாகச் சொன்னான். நாலாம் தடவை சென்னிமலை பாதி தூரம் போய் வேண்டுமென்றே திரும்பி வந்தார், அதையும் சொல்லிவிட்டான். தெரு கைதட்டியது.

"கறுப்புப் புள்ளின்னு சொன்னீங்களே மச்சான்," என்று வசந்தாமணி கூவினாள். "கெரகணத்துக்குத் தெருவே எங்க சாயத் தொட்டியிலதானே சூரியனைப் பாக்குது. இப்பவும் பாக்கலாமுங்களே!"

எல்லோரும் கொல்லைக்கு ஓடினார்கள். கறுப்புச் சாயத் தொட்டியில், கண் கூசாமல், பித்தளைக் காசுபோலச் சூரியன் மிதந்தது. அதன் நடுவாக்கில் கடுகளவு ஒரு கறுப்பு.

"தூசுங்க," என்றார் வீரபாகு.

சென்னிமலை முழங்கைவரைக்கும் கையை விட்டுத் தொட்டியைக் கலக்கினார். காசு உடைந்து சிதறியது, பிறகு மெல்லக் கூடியது. கடுகு அதே இடத்தில் இருந்தது. பக்கவாட்டில் நகர்ந்து நின்று பார்த்தார், ஒரு சொம்பு சாயத்தை அள்ளி வெளியே கொட்டிவிட்டுப் பார்த்தார். கடுகு சூரியனை விட்டு நகரவில்லை.

மனுஷன் முகம் மாறியது. கறுத்த கையைக் கூப்பினார். "அப்ப... சூரிய பகவானே நம்மூட்டுத் தட்டு மாத்தறதுக்குக் கொரல் குடுத்திருக்காரா? பாம்புன்னு நெனச்சுட்டேனே பாவி! ஆசீர்வாதம்டா இது! டேய் சரவணமுத்து, அப்படித்தானே?"

தெருவும் கையைக் கூப்பியது. வீரபாகுவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ராஜம்மாள் மகனின் இடுப்பில் பலமாகக் கிள்ளினாள். தலையை ஆட்டித் தொலையேன்டா என்று அதற்கு அர்த்தம்.

ஆட்டினால் போதும். ஒரே ஒரு ஆட்டு. வசந்தாமணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணைப் பார்த்ததும் அவனுக்கு ஆட்ட வரவில்லை.

"இல்லீங்க மாமா," என்றான். "அது நமக்காகச் சத்தம் போடலைங்க. இன்னைக்கு நிச்சயம் வெக்காம இருந்திருந்தாலும் பத்து மணிக்கு அது சீறியிருக்கும். ஒம்பது கோடி மைலுக்கு அந்தப் பக்கம் இருக்குது. நம்மளை அதுக்குத் தெரியாதுங்க."

ராஜம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பெற்ற பிள்ளை இப்படி ஒரு மடையனாகப் போவான் என்று அவள் நினைக்கவே இல்லை.

சென்னிமலை கூப்பிய கையை இறக்கினார். தொட்டியைப் பார்த்தார்.

"நமக்காகச் சீறலை?"

"இல்லீங்க."

"அப்ப நமக்கு எதிராவும் சீறலை?"

"இல்லவே இல்லீங்க மாமா."

"அப்பறம் எதுக்குடா நான் காத்தால தட்டைத் தள்ளுனேன்?" என்று கேட்டுவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார் சென்னிமலை. சிரிப்பு நிற்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. நின்றதும் தங்கை பக்கம் திரும்பினார். "ராஜம்மா, கேட்டியா? தலையாட்டியிருந்தா அவன் காரியம் முடிஞ்சிருக்கும். பொண்ணு போயிடும்னு தெரிஞ்சே நெசத்தைச் சொல்றான். இவன்கிட்டக் குடுக்காம நான் வேற எவன்கிட்டக் குடுப்பேன்? எடு தட்டை."

"மேளத்துக்கு ஆளை அனுப்பட்டுங்களா?" என்றார் வீரபாகு.

"ஒருத்தரையும் அனுப்ப வேண்டாம். நேரம் இருக்கறப்பவே மாத்திப்போடலாம்."

வாசலில் பெட்டி உஸ்ஸென்று சீறிக்கொண்டேயிருக்க, அண்ணனும் தங்கையும் வெற்றிலைத் தட்டை மாற்றிக்கொண்டார்கள். நல்ல காரியத்தில் இந்தச் சத்தம் எதற்கு என்று சரவணமுத்து பெட்டியை நிறுத்தக் கையை நீட்டினான். வசந்தாமணி அந்தக் கையைத் தட்டிவிட்டு, தெருக்கோடி வரைக்கும் கேட்கட்டும் என்று குமிழைக் கடைசிவரை திருகி வைத்தாள்.